பறவைக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு மாஸ்டடான் சர்வர் போடலாமா?

#1 நீர்க்காகம்

வணக்கம். எங்கள் மாவட்டத்தில் பறவை பார்க்கும் குழு ஒன்று இருக்கிறது. ஆசிரியர்கள், விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் கலந்த கூட்டம். குளங்களில் எடுத்த கணக்கு, கூடு கட்டும் காலக் குறிப்புகள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கிப் போட்டுவந்தோம். அந்தப் பக்கத்தை நிறுவனம் திடீரென்று முடக்கிவிட்டது. விதியை மீறிய பதிவு இருக்கிறதாம். எந்தப் பதிவு என்று கேட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது. படங்களின் அசல் எங்களிடம் இருக்கிறது. ஆட்களைத்தான் இழந்துவிட்டோம். பின்தொடர்ந்தவர்களிடம் வேறு இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லக்கூட வழியில்லை.

இனி இன்னொரு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க மனமில்லை. மாஸ்டடான் சர்வர் ஒன்றை நாங்களே நடத்தலாம் என்று நினைக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ட்விட்டர் போலக் குறும்பதிவு போட, ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவலாம். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். இந்தச் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது. அதே நெறிமுறையில் படங்களுக்கு பிக்சல்ஃபெட், காணொளிக்கு பியர்டியூப், விவாதத்துக்கு லெம்மி என்று பல இருக்கின்றன. எல்லாம் சேர்ந்ததைத்தான் ஃபெடிவர்ஸ் என்கிறார்கள்.

நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எங்களைப் போன்ற குழுவால் முடியுமா? முடிந்தாலும் செய்யலாமா?

#2 கம்பிவடம்

முடியும். ஆனால் என்ன வேலை என்று தெரிந்து இறங்குங்கள். நண்பர்களும் உறவினர்களுமாக ஒரு சிறு கூட்டத்துக்கு நான் நடத்துகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

மாஸ்டடானை நிறுவினால் அதன் பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தற்காலிகத் தரவை வைக்க ரெடிஸ், சைட்கிக் என்ற வேலை வரிசை, படங்களுக்குத் தனிச் சேமிப்பிடம், மின்னஞ்சல் அனுப்ப ஓர் ஏற்பாடு, முழுத் தேடல் வேண்டுமென்றால் எலாஸ்டிக்சர்ச் என்று ஒரு வரிசையே வரும். உங்கள் உறுப்பினர் ஒருவர் வெளியே யாரையாவது பின்தொடர்ந்தால் அந்த ஆள் போடும் படங்களின் நகலும் உங்கள் சர்வரில் வந்து இறங்கும். பறவைக்காரர்கள் படம் போடுகிறவர்கள், படம் போடுகிறவர்களையே பின்தொடர்கிறவர்கள். பழைய நகல்களைக் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அழிக்கும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வட்டு நிரம்பி எல்லாம் நின்றுபோகும்.

எவ்வளவு வேகமாகக் கைமீறும் என்பதற்கு ஹாக்கிடெர்ம் நல்ல உதாரணம். கிரிஸ் நோவா என்ற தேர்ந்த பொறியாளர் வீட்டின் நிலவறையில் வைத்து நடத்திய சர்வர் அது. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அடுத்த மாதமே சில நூறு பேர் இருந்த அந்தச் சர்வர் முப்பதாயிரத்தைத் தொட்டது. வேலை வரிசைகள் தேங்கின, வட்டுகள் திணறின, கடைசியில் ஜெர்மனியின் தரவு மையத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புதியவர் சேர்க்கையை எல்லாருக்கும் திறந்து வைத்தால் யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்கள் கையில் இருக்காது. அழைப்பு இருந்தால்தான் சேரலாம் என்று வையுங்கள்.

ஐம்பது, நூறு பேர் என்றால் கோடுசோஷியல் என்ற மென்பொருளையும் பாருங்கள். சில நூறு எம்பி நினைவகத்திலேயே ஓடும், சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். பதிவு எழுத அதற்கென்று சொந்தப் பக்கம் கிடையாது, டஸ்கி மாதிரி செயலி வழியாகத்தான் எழுத வேண்டும். எப்படியும் உங்கள் ஆட்கள் கைப்பேசியில்தான் இருப்பார்கள்.

இன்னொன்று. பறவைக் கணக்கை மாஸ்டடானில் மட்டும் வைக்காதீர்கள். அது பறவைக் கணக்குகளைத் திரட்டும் இபேர்டு தளத்தில் போக வேண்டியது. பேச்சும் படமும் இங்கே இருக்கட்டும்.

#3 பழைய மடல்

தம்பி நீர்க்காகம், நீங்கள் இழந்தது தமிழ் இணையம் பல முறை இழந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் யூஸ்நெட்டில் சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற செய்திக்குழு இருந்தது. எழுத்துரு இல்லாத காலம், ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்துச் சண்டை போட்டுக்கொண்டோம். யூஸ்நெட்டுக்கு முதலாளி கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சர்வரை நடத்தியது, சர்வர்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொண்டன. இன்று கூட்டமைப்புச் சேவை என்று நீங்கள் சொல்வது அன்றைக்கு இயல்பாக இருந்த ஏற்பாடு. மின்னஞ்சலும் அப்படித்தான். 1982இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறைதான் இன்றும் அடிப்படை.

அப்புறம் யாஹூ குழுமங்கள் வந்தன. அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் என்று எத்தனை மடலாடற்குழுக்கள்! இன்று பெயர் சொன்னால் தெரியும் எழுத்தாளர்கள் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். யாஹூ 2019 இறுதியில் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை அழித்தது, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. யாராவது பிரதி எடுத்து வைத்திருந்தால் உண்டு. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அதில் எழுதிக் குவித்த தமிழ் உரையாடல்களும் போயின.

இதற்கு நடுவே வலைப்பதிவுக் காலம் வேறு மாதிரி இருந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் பிளாகரில் எழுதினார், ஒருவர் வேர்ட்பிரஸில் எழுதினார், சிலர் சொந்த இடத்தில் எழுதினார்கள். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் இவை எல்லாவற்றின் ஓடையையும், அதாவது புதிய பதிவுகளின் பட்டியலையும், திரட்டி ஒரே இடத்தில் காட்டியது. ஆர்எஸ்எஸ் என்ற பொது நெறிமுறை இருந்ததால் அது முடிந்தது. பின்னால் திரட்டி ஓய்ந்தது, ஆனாலும் பதிவுகள் அவரவர் இடத்தில் இருந்தன. அந்தக் காலத்தில் எழுதிய பலவற்றை இன்றும் தேடினால் படிக்க முடிகிறது. பெருநிறுவனத்தின் குழுமத்தில் எழுதியது அப்படி மிஞ்சவில்லை. நிறுவனம் மூடும், கொள்கையை மாற்றும், விற்றுவிடும். அந்த நாளில் வெளியே போகிறவன் தன் ஆட்களோடு போக முடியுமா? எந்தச் சேவையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

#4 மின்னல்கொடி

எல்லாம் சரிதான், ஆனால் ஆட்கள் எங்கே? 2019 அக்டோபரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து பெரும் கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நானும் போனேன். சில வாரங்களில் பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள். 2022இலும் அதே கதை. தமிழில் தேடினால் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களிலும் பெரும்பாலானோர் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள். பறவை பார்க்கும் விவசாயி அங்கே யாரிடம் பேசுவார்?

சிறிய சர்வரில் இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. உங்கள் சர்வரில் யாரோ ஒருவராவது பின்தொடர்ந்தால்தான் வெளி ஆளின் பதிவு உங்களுக்கு வந்து சேரும். புதிய சர்வரில் பறவை என்று குறிச்சொல் தேடினால் வெறும் பக்கம் வரும். பெரிய சர்வரில் தேடினால் நிறைய வரும். சேர்ந்த முதல் நாளில் வெறும் பக்கத்தைப் பார்க்கிறவர் இரண்டாம் நாள் வரமாட்டார். நான் எதிர்ப்பதற்காகச் சொல்லவில்லை. குழு ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது, இன்னொரு முறை ஆட்களைத் தொலைத்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

#5 கம்பிவடம்

> புதிய சர்வரில் பறவை என்று குறிச்சொல் தேடினால் வெறும் பக்கம் வரும்

உண்மை. மாஸ்டடானில் இதற்கு ரிலே என்று ஒன்று உண்டு. பல சர்வர்களின் பொதுப் பதிவுகளை வாங்கி மற்ற சர்வர்களுக்குப் பகிரும் இடைநிலை. சேர்ந்தால் பக்கம் நிறையும், வட்டும் நிறையும். இன்னொரு வழி, தொடங்கும்போதே நிர்வாகி ஒரு கணக்கிலிருந்து பறவைக்காரர்களை நூற்றுக்கணக்கில் பின்தொடர்ந்து வைப்பது. உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் ஃபெடிவர்ஸில் நிறையவே இருக்கிறார்கள். 4.0 பதிப்பிலிருந்து ஆளுக்குப் பதிலாகக் குறிச்சொல்லையே பின்தொடரலாம். எதைக் காட்டுவது என்று முடிவு செய்ய நிறுவனத்தின் அல்காரிதம் இல்லை, விளம்பரமும் இல்லை. பின்தொடர்கிறவர்களின் பதிவு வந்த வரிசையில் வரும். தவளைவாயன் பறவையின் படம் போட்டால் பின்தொடரும் எல்லாருக்கும் போகும். காசு கட்டி முன்னே தள்ள வேண்டியதில்லை.

#6 தேன்சிட்டு

நான் ஒரு பெண்கள் வாசிப்புக் குழுவின் சர்வரில் மட்டுறுத்துநராக, அதாவது புகார்களைப் பார்த்துப் பதிவுகளை ஒழுங்குபடுத்துபவராக, இருக்கிறேன். இங்கே எல்லாரும் வட்டு, நினைவகம் என்று பேசுகிறீர்கள், சர்வர் நடத்துவதில் அது சின்னப் பகுதி.

பெரிய நிறுவனத்தின் தளத்தில் ஒருவன் என்னைத் தொடர்ந்து வசைபாடியபோது புகார் கொடுத்தேன். வசை தமிழில் இருந்தது. எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. படித்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, அல்லது யாருமே படித்திருக்க மாட்டார்கள். எங்கள் சர்வரில் புகார் வந்தால் நானோ இன்னொரு தோழியோ படிக்கிறோம். ஒரு ஊரில் எந்தச் சொல் சாதி வசை, எந்தச் சொல் சாதாரணக் கேலி என்று எங்களுக்குத் தெரியும். சமூகமே நடத்தும் சர்வரின் முதல் பயன் எனக்கு இதுதான். வேறு எல்லாம் அப்புறம்.

ஒரு முழுச் சர்வரே தொல்லையாக இருந்தால் அதைத் துண்டிக்கவும் முடியும். 2019 ஜூலையில் காப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. மென்பொருள் கட்டற்றது என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் பெரும்பாலான சர்வர்கள் அதோடு தொடர்பை வெட்டிக்கொண்டன, செயலி செய்பவர்கள் சிலர் அதன் முகவரியையே தடுத்தார்கள். தலைமையிடத்து உத்தரவு எதுவும் இல்லாமலே நடந்தது அது.

இதில் வலியும் உண்டு. 2023 ஜூனில் ரெடிட் விவாதத் தளம் தன் ஏபிஐக்கு (வெளிச் செயலிகள் தளத்தோடு பேசும் வழி) கட்டணம் வைத்து, வெளிச் செயலிகள் மூடும் நிலை வந்தபோது கூட்டம் கூட்டமாக மக்கள் லெம்மிக்கு வந்தார்கள். அங்கே பீஹா என்ற சர்வர், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்த இரண்டு பெரிய சர்வர்களைத் துண்டித்தது. வருகிற கூட்டத்தைச் சமாளிக்க அவர்களிடம் ஆள் இல்லை, கருவியும் போதவில்லை. இரு பக்கமும் நல்லவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் உறுப்பினர்களுக்கும் ஒரு முறை அப்படி நடந்தது. நாங்கள் ஏன் துண்டித்தோம் என்று அன்றே பொதுவில் எழுதிவைத்தோம். அதை எப்போதும் செய்யுங்கள்.

நிர்வாகியே தொல்லையாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சிறிய சர்வரில் அவர் நினைத்தால் யாரையும் நீக்கலாம். நேரடிச் செய்திகள் மாஸ்டடானில் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, ஆகவே தரவுத்தளத்தைத் திறக்க முடிந்தவர் படிக்க முடியும். உறுப்பினர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அந்தரங்கமான பேச்சுக்கு மேட்ரிக்ஸ் அல்லது எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறைகளில் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

#7 நீர்க்காகம்

தேன்சிட்டு, மிக்க நன்றி. விதிகளை எழுதுவது பற்றி நான் யோசிக்கவே தொடங்கவில்லை, இனி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது.

பழைய மடல் ஐயா கேட்ட கேள்வியைத் திருப்பி மாஸ்டடானிடமே கேட்கிறேன். எங்கள் சர்வர் பிடிக்காமல் ஒருவர் போனால் தன் ஆட்களோடு போக முடியுமா? சர்வரே ஒரு நாள் நின்றுபோனால்?

#8 கம்பிவடம்

சர்வர் உயிரோடு இருக்கும்போது போனால், முடியும். புதிய இடத்தில் கணக்குத் தொடங்கி, பழைய முகவரி என்னுடையதுதான் என்று அங்கே பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கில் போய் மாற்று என்று கொடுத்தால் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்குச் செய்தி போகும், அவர்கள் தானாகவே புதிய கணக்கைப் பின்தொடர்வார்கள். கைப்பேசியில் எண் மாறாமல் கம்பெனியை மாற்றுகிறோமே, இங்கே தலைகீழ். எண் மாறும், உங்கள் எண்ணை வைத்திருக்கும் எல்லார் கைப்பேசியிலும் அது தானே திருத்தப்படும். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புத்தகக்குறிகள் எல்லாம் கோப்பாக இறக்கி ஏற்றலாம்.

உங்கள் பழைய பதிவுகள் வராது. பிரதி இறக்கலாம், புதிய சர்வரில் ஏற்ற முடியாது. பெரிய குறைதான்.

சர்வர் திடீரென்று போனால் கதை வேறு. மாற்றும் செய்தியை அனுப்ப வேண்டியது பழைய சர்வர். அது இல்லையென்றால் பின்தொடர்பவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் என்ற சர்வருக்கு இதுதான் நடந்தது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் டொமைன். தாலிபான் ஆட்சியின் கீழிருந்த பதிவகம் டொமைனை முடக்கிவிட்டது, சர்வரும் தரவும் நன்றாக இருந்தும் பயனில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மாலி நாட்டின் எம்எல் டொமைன்களில் சிலவும் இப்படிப் போயின, லெம்மி சர்வர் ஒன்று அதில் மாட்டியது. இலவசம், பெயர் அழகாக இருக்கிறது என்று எங்கோ ஒரு நாட்டின் டொமைனை வாங்காதீர்கள்.

நிர்வாகி களைத்துப்போய் மூடுவது இதைவிட அதிகம் நடக்கிறது. மாஸ்டடான் தன் இணையதளத்தில் பட்டியலிடும் சர்வர்களிடம் ஓர் உறுதிமொழி கேட்கிறது: தினமும் காப்புப் பிரதி, அவசரத்தில் உள்ளே நுழைய இன்னொரு ஆளுக்காவது அனுமதி, வெறுப்புப் பேச்சுக்கு எதிரான மட்டுறுத்தல், மூடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாத முன்னறிவிப்பு. நீங்கள் பட்டியலில் சேராவிட்டாலும் இந்த நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்புப் பிரதி என்றதும் நினைவுக்கு வருகிறது. கொலெக்டிவா என்ற சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில் 2023 மே மாதம் எஃப்பிஐ வேறொரு வழக்குக்காகச் சோதனை போட்டது. அப்போது மறையாக்கம் செய்யாத தரவுத்தளப் பிரதி ஒன்று அவர் கணினியில் இருந்தது, அதுவும் சேர்ந்து போனது. உறுப்பினர்களின் மின்னஞ்சல், ஐபி முகவரி, நேரடிச் செய்தி எல்லாம் அதில் உண்டு. காப்புப் பிரதியைப் பூட்டாமல் யார் மடிக்கணினியிலும் வைக்காதீர்கள்.

#9 செங்காந்தள்

வழக்கறிஞர் என்ற முறையில் சில வார்த்தைகள். இந்தியாவில் அடுத்தவர்கள் எழுதுவதை வெளியிடும் சர்வரை நடத்தினால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் இடைத்தரகர் ஆகிறீர்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பயனருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கூடுதல் கடமைகளை வைத்தாலும், அடிப்படைக் கடமைகள் எல்லாருக்கும் உண்டு. குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு வழியும் தளத்தில் இருக்க வேண்டும். புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும். நீதிமன்றமோ அரசோ முறைப்படி நீக்கச் சொன்னால் காலக்கெடுவுக்குள் நீக்க வேண்டும். இந்தக் கடமைகளைச் செய்தால்தான் பிறர் எழுதியதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்ற பாதுகாப்பு கிடைக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் ஒருவர் பெயரில் மட்டும் நடத்தாதீர்கள். பதிவு பெற்ற சங்கமாக இருங்கள்.

ஒரு சேவையைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதும் இதில் சேரும். 2023 மே மாதம் ஒன்றிய அரசு ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி 14 செய்திச் செயலிகளைத் தடுத்தது. மேட்ரிக்ஸில் பேசப் பயன்படும் எலிமென்ட் அதில் ஒன்று. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எலிமென்ட் ஒரு செயலி மட்டுமே, அதே நெறிமுறையைப் பேசும் வேறு செயலிகளும் தனித்தனிச் சர்வர்களும் இருந்தன. அதே மேட்ரிக்ஸில்தான் பிரெஞ்சு அரசு 2019 முதல் தன் ஊழியர்களுக்கு ட்சாப் என்ற சேவையை நடத்துகிறது. ஜெர்மனியின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் அரசுத் துறைகளுக்காக மாஸ்டடான் சர்வரே வைத்திருக்கிறது. தன் பேச்சு தன் சர்வரில் இருக்க வேண்டும் என்று ஓர் அரசு நினைப்பது எவ்வளவு நியாயமோ, குடிமக்கள் குழு நினைப்பதும் அவ்வளவு நியாயம்.

#10 வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போது முகநூல், வாட்ஸப், வைபர் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் தடுத்தார்கள். 2022 ஏப்ரல் 3, போராட்டக் காலத்தில் திரும்பவும். வீட்டு ஆட்கள் பத்திரமா என்று கேட்க வெளிநாட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். எல்லாரும் மூன்று நாலு நிறுவனங்களில் இருந்தால் அந்த மூன்று நாலு பெயரைத் தடுத்தால் போதும், ஒரு நாடே கதைக்க முடியாமல் போகும். ஆயிரம் சிறு சர்வர்களில் பரவி இருந்தால் அது அவ்வளவு இலகுவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு என் தம்பி ஸ்னிக்கெட் என்ற எக்ஸ்எம்பிபி சர்வரைப் போட்டு வைத்திருக்கிறான். அம்மாவுக்கு ஒரு அழைப்பு இணைப்பை அனுப்பினோம், அழுத்தினா, வேலை முடிந்தது. கனடாவிலிருக்கும் அக்காவோடு அதில்தான் கதைக்கிறா. அம்மாவுக்கு நெறிமுறை பற்றி ஒன்றும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. மின்னல்கொடி கேட்டதற்கு இது என் பதில்: ஏற்கெனவே ஒருவரை ஒருவர் தெரிந்த கூட்டம் என்றால் ஆட்கள் எங்கே என்ற கேள்வியே வராது.

#11 மின்னல்கொடி

வடலி, ஏற்கிறேன். பறவைக் குழுவும் அப்படிப்பட்ட கூட்டம்தான். என் அடுத்த கவலை வேறு. நெறிமுறை திறந்திருப்பதாலேயே பெரிய நிறுவனம் உள்ளே வந்து கபளீகரம் செய்யலாம் இல்லையா? கூகுள் டாக் என்ற அரட்டைச் சேவை 2005இல் எக்ஸ்எம்பிபியில் தொடங்கியது, 2006இல் வெளிச் சர்வர்களோடும் பேச விட்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். 2013இல் ஹேங்கவுட்ஸுக்கு மாறியபோது அந்தக் கதவு மூடப்பட்டது. சிறு சர்வரில் இருந்தவர்களின் நண்பர்கள் எல்லாரும் அதற்குள் கூகுள் பக்கம் போயிருந்தார்கள். இப்போது முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா தன் த்ரெட்ஸ் என்ற குறும்பதிவுச் சேவையை 2024 முதல் கொஞ்சம் கொஞ்சமாக ஃபெடிவர்ஸோடு இணைக்கிறது. நாளை அதே கதை என்றால்?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 2025இல் ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை என்ற செயலி திடீரென்று பரவியபோது, செய்திச் செயலிகள் யுபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அப்படி நடந்தால் நமக்கு இந்தச் சிரமமெல்லாம் எதற்கு?

#12 பழைய மடல்

வேம்பு அதைச் சொன்னது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் யுபிஐயும் மின்னஞ்சலும் ஒரே வகை இல்லை. யுபிஐயில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும், அது பெரிய காரியம். நடுவில் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் இணைப்பகம் ஒன்று இருக்கிறது. யார் சேரலாம், யார் சேரக்கூடாது என்பதை அங்கே முடிவு செய்கிறார்கள். பணத்துக்கு அப்படி ஒரு நடுநிலையம் தேவைப்படலாம். பேச்சுக்கு வேண்டாம். மின்னஞ்சலில் நடுநிலையம் கிடையாது. நீங்கள் இன்று ஒரு டொமைன் வாங்கி, சர்வர் போட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் எனக்கு மடல் அனுப்பலாம்.

அனுப்பிய மடல் ஸ்பேம் பெட்டிக்குள் போகலாம் என்பதும் உண்மை. பெரும்பாலான அஞ்சல் பெட்டிகள் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் குவிந்துவிட்டதால், அவர்கள் வைத்ததுதான் சட்டம் என்று ஆகியிருக்கிறது. கூகுள் டாக் கதையும் அதேதான். நெறிமுறை திறந்திருந்தாலும் ஆட்கள் ஒரே வீட்டில் குவிந்தால் வீட்டுக்காரர் கதவைச் சாத்தலாம். மாஸ்டடான் பயனர்களிலும் கணிசமான பகுதியினர் மாஸ்டடான்.சோஷியல் என்ற ஒரே சர்வரில் இருப்பது எனக்குக் கவலை. அதை நடத்துபவர்கள் நல்லவர்கள், லாப நோக்கமில்லாதவர்கள். ஆனாலும் கவலைதான். அதனால்தான் உங்களைப் போன்ற நடுத்தரக் குழுக்கள் சர்வர் நடத்த வேண்டும் என்கிறேன். த்ரெட்ஸோடு இணைய விரும்பாத சர்வர்கள் ஏராளமாக அதை முன்கூட்டியே தடுத்துவிட்டன. உங்கள் சர்வர் என்றால் அந்த முடிவை உங்கள் உறுப்பினர்கள் கூடி எடுக்கலாம். இணையலாம் என்றே முடிவெடுத்தாலும் சரி, எடுத்தது நீங்கள்.

#13 தேன்சிட்டு

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இலவசம் என்று தொடங்கி, நிர்வாகி கைக்காசைப் போட்டு, இரண்டு வருடத்தில் கசந்து மூடிய சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே சந்தா வையுங்கள். சோஷியல்.கூப் என்ற சர்வர் கூட்டுறவாகவே நடக்கிறது, உறுப்பினர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள், விதிகளை வாக்களித்து முடிவு செய்கிறார்கள். பியர்டியூப்பை உருவாக்கும் ஃபிராமாசாஃப்ட் பிரான்சில் நன்கொடையில் இயங்கும் சங்கம். நம் நாட்டிலும் இந்தியக் கட்டற்ற மென்பொருள் குழுமத்தின் தன்னார்வலர்கள் பாடரி.காம் என்ற பெயரில் டயஸ்போரா என்ற சமூக வலைத்தளம், மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி சேவைகளை நடத்திவந்திருக்கிறார்கள். ப்ரவ் என்ற செய்திச் செயலியைப் பயனர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கமாகக் கொண்டுவர முயல்கிறார்கள்.

பால் சங்கமும் வீடு கட்டும் சங்கமும் நடத்தத் தெரிந்த ஊர் நம்முடையது. கணக்கு எழுதுவது, பொதுக்குழு கூட்டுவது, தலைவரை மாற்றுவது எல்லாம் உங்கள் விவசாயி உறுப்பினர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சர்வர் வேலையை மட்டும் தொழில்நுட்பக்காரரிடம் விடுங்கள். மற்றதை அவர்களிடம் விடுங்கள்.

மட்டுறுத்துபவருக்கு ஓய்வு கொடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மோசமான படங்களையும் வசைகளையும் தினமும் பார்ப்பது மனதை அரிக்கும். குறைந்தது மூன்று பேர், முறை மாற்றி.

#14 நீர்க்காகம்

எல்லாருக்கும் நன்றி. குழுவின் மூத்தவர்களோடு பேசிவிட்டு எழுதுகிறேன்.

உடனே சர்வர் போடப் போவதில்லை. முதலில் ஆர்வமுள்ள சிலர் வெவ்வேறு சர்வர்களில் கணக்குத் தொடங்கிப் பழகுவோம். சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கிறோம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்து கூடும்போது சந்தா பற்றிப் பேசி, ஒப்புதல் கிடைத்தால் கோடுசோஷியலில் அழைப்புள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்குவோம். பழகியவர்கள் அப்போது தங்களைப் பின்தொடர்பவர்களோடு இங்கே மாறிக்கொள்வார்கள்.

ஒரு சந்தேகம். கூடுகளின் இடம் வெளியே தெரிவது எங்களுக்குப் பெரிய பயம். படத்தோடு ஜிபிஎஸ் விவரம் போகுமா?

#15 கம்பிவடம்

மாஸ்டடான் படத்தை ஏற்றும்போது அந்த விவரங்களை நீக்கிவிடும். கோடுசோஷியலும் நீக்குகிறது. இருந்தாலும் உங்கள் கைப்பேசிக் கேமராவிலேயே இட விவரத்தை அணைத்துவிடுங்கள். குளத்தின் பெயரையும் எழுத வேண்டாம், தாலுகா பெயர் வரை போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒரு பதிவை நீங்கள் அழித்தால் மற்ற சர்வர்களுக்கு அழிக்கச் சொல்லிச் செய்தி போகும், பெரும்பாலும் அழித்துவிடும், ஆனால் அழித்தே தீரும் என்று உறுதி கிடையாது. கூடு விஷயத்தில் போட்டபின் அழிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

டொமைன் பற்றிக் கடைசியாக ஒன்று. பயனர் முகவரியில் வரும் பெயரைப் பின்னால் மாற்ற முடியாது, மாற்றினால் எல்லாத் தொடர்பும் அறுந்துவிடும். அதனால் பெயரைக் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் வாங்குங்கள், உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். முடிந்த அளவு நீண்ட காலத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். பதிவாளர் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் பொருளாளராக இருந்தால் நல்லது. நிறுவும் நாளன்று கூப்பிடுங்கள், கூட இருந்து செய்து தருகிறேன்.

#16 நீர்க்காகம்

குறித்துக்கொண்டேன் அண்ணா, கட்டாயம் கூப்பிடுகிறேன். தேன்சிட்டு, உங்கள் சர்வரின் விதிகளைப் பார்க்கத் தர முடியுமா? எங்கள் ஆசிரியர் ஒருவர் அதை வைத்து எங்களுக்கேற்ற வரைவு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

#17 தேன்சிட்டு

தனிமடலில் அனுப்பிவிட்டேன். துண்டிப்பு முடிவுகளை எப்படிப் பதிவு செய்கிறோம் என்ற பக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். அதை உங்கள் ஆசிரியர் முதலில் படிக்கட்டும்.